கலியாணக் காலையில் மணப்பெண்ணுக்கு என்ன நடக்கிறது?

எமது பகுதிகளில் ஒரு கலியாணம் நிச்சயமானால் மண்டபம், சாப்பாடு, சாரி, நகை, வாகனம் என்று வீட்டில் பட்டியல் போடத் தொடங்கி விடுவார்கள். எத்தனை சஹன், ஒரு சஹனுக்கு எத்தனை துண்டு கோழி என்பது வரை ஆண்கள் கூடியிருந்து பேசி முடிவெடுப்பார்கள். அந்தப் பட்டியலில் ஒரு விடயம் மட்டும் இருக்காது. நிக்காஹ் நடக்கும் நாளில் விடியற்காலை 4 மணி முதல் 10 மணி வரை மணப்பெண் எங்கே இருப்பாள், என்ன சாப்பிடுவாள், எப்போது தொழுவாள், அவளுடன் யார் இருப்பார்கள்? இதை வாப்பாவும் தீர்மானிப்பதில்லை, உம்மாவும் தீர்மானிப்பதில்லை. பியூட்டிஷியனும் படப்பிடிப்பாளரும் தங்களுக்கு வசதியானபடி தீர்மானித்து விடுகிறார்கள்.

நான் பாடசாலையில் மனைப்பொருளியல் படிப்பிப்பவள். என்னிடம் படித்த பிள்ளைகளின் கலியாணங்களுக்கு ஒவ்வொரு வருடமும் போய் வருகிறேன். மாலையில் வரும் படங்களில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் அந்த அறைக்குள் போனவர்களுக்கு வேறு காட்சி தெரியும். தூக்கமில்லாமல் சிவந்த கண், வெறும் வயிறு, வியர்வையில் நனைந்த ஹிஜாபுக்குள் இருபது ஊசி, "டீச்சர், சுபஹ் தொழ இன்னும் கிடைக்கவில்லை" என்று மெதுவாகச் சொல்லும் குரல். வாழ்க்கையின் மிகப் பெரிய ஒப்பந்தத்துக்குள் அந்தப் பிள்ளை இந்த நிலையில்தான் நுழைகிறாள்.

கலியாணத்தன்று அழகாக இருக்க வேண்டும், படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவதில் எந்தப் பிழையும் இல்லை. பெரியவர்கள் சிலர் அதைக் கேலி செய்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் முகம் படத்தில் நன்றாக விழுவதற்குத் தேவையானவை தூக்கம், வயிற்றில் சாப்பாடு, அவசரமில்லாத நேரம், யன்னல் வெளிச்சம் ஆகிய நான்கும்தான். இவற்றில் ஒன்றுக்கும் காசு இல்லை. காசு போகும் மற்ற எல்லாமே இவை நான்கும் இல்லாத குறையை மூடி மறைக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கியபோது முதலில் சொல்லித் தந்தது, 40 நிமிடப் பாடத்தை முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும் என்பது. மணி அடிக்கும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதற்கு முந்திய ஐந்து நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று பின்னுக்குப் போக வேண்டும். கலியாணக் காலைக்கும் இதே முறை பொருந்தும்.

நிக்காஹ் 10.30 மணிக்கு என்று வைத்துக் கொள்வோம். 9.45க்கு மணப்பெண் எல்லாம் முடித்து அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுடைய தனிப்படங்களும் வீட்டுப் பெண்களுடனான படங்களும் 9 மணிக்குத் தொடங்கினால் முக்கால் மணித்தியாலம் போதும். உடுப்பும் ஹிஜாபும் நகையும் 8.15 முதல் 9 வரை. மேக்கப்புக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால் 6.45க்குத் தொடங்க வேண்டும். அதற்கு முன் சாப்பாடு, அதற்கும் முன் சுபஹ், குளிப்பு. ஆக, 5 மணிக்கு எழும்பினால் போதும். முதல் நாள் இரவு 10 மணிக்குப் படுத்தால் ஏழு மணித்தியாலத் தூக்கம் கிடைக்கிறது. இந்தக் கணக்கில் எங்கேயும் ஓட்டம் இல்லை.

பிறகு ஏன் மணப்பெண்கள் 3 மணிக்கு எழும்புகிறார்கள்? பெரும்பாலும் பியூட்டிஷியன் அன்றைக்கு மூன்று பேரைப் பொறுப்பேற்றிருப்பார். முதலாவது பெண்ணுக்கு 3.30, இரண்டாவது பெண்ணுக்கு 6 மணி என்று நேரம் கொடுப்பார். பாடசாலை விடுமுறைக் காலத்தில், ஒரே நாளில் ஊரில் ஐந்தாறு கலியாணம் வைக்கும்போது இது இன்னும் மோசம். முதலாவதாக இருக்கும் பெண் நிக்காஹ் நேரம் வரும்போது ஏழு மணித்தியாலப் பழைய மேக்கப்புடன் இருப்பாள். சுபஹ் நேரம் அந்த மேக்கப்பின் நடுவில் வந்து போயிருக்கும். ஆகவே பியூட்டிஷியனிடம் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "அன்றைக்கு உங்களிடம் எத்தனை மணப்பெண்கள், எங்கள் பிள்ளை எத்தனையாவது?" என்பதுதான். வீட்டுக்கு வந்து செய்வாரா என்றும் கேளுங்கள். சாரியுடன் வேனில் ஏறி இறங்கி, சலூனில் வரிசையில் காத்திருந்து வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

தொழுகை விடயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேக்கப்பைக் கலைக்க மனமில்லாமல் கலியாணத்தன்று தொழுகையை விட்டு விடுவது எமது பிள்ளைகளிடம் இரகசியமான ஒரு வழக்கமாகி விட்டது. யாரும் வெளியில் பேசுவதில்லை. பிறகு களா செய்து கொள்ளலாம் என்று சாச்சிமாரும் மாமிமாரும் ஆறுதல் சொல்லி விடுகிறார்கள். திட்டமிட்டால் இதற்கு இடமே இல்லை. சுபஹ் தொழுது விட்டு மேக்கப்புக்கு உட்கார்ந்தால், அடுத்து வருவது 12.15 அளவில் ளுஹர். வுழூவுடனேயே அலங்காரத்துக்கு உட்கார்ந்து அதைப் பேணிக் கொண்டால் ளுஹரும் தொழலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இலங்கையில் எம்மில் பெரும்பாலானோர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை உள்ளே வந்து மாலை போட்டு, கையைப் பிடித்த உடனேயே இருவருடைய வுழூவும் முறிந்து விடும். இதை மேக்கப் போடும்போது யாரும் யோசிப்பதில்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. மாப்பிள்ளை உள்ளே வருவதை ளுஹருக்குப் பிறகு வைத்துக் கொள்ளலாம். பள்ளியில் நிக்காஹ் முடிந்து ஆண்கள் அங்கேயே ளுஹர் தொழுது விட்டு வந்தால் எல்லோருக்கும் வசதி. அல்லது, இடையில் ஒரு முறை முகம் கழுவலாம் என்பதை முன்கூட்டியே பியூட்டிஷியனிடம் சொல்லி, தண்ணீரில் கலையும் வகை மேக்கப்பைப் போடச் சொல்லலாம். மீண்டும் இலேசாகச் சரி செய்ய இருபது நிமிடம் போதும். 'வோட்டர்புரூப்' என்று விற்கப்படும் மஸ்காரா, நகப்பூச்சு, ஒட்டு இமையின் பசை போன்றவை தோலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு படையாக நிற்பவை. அவற்றின் மேல் வுழூச் செய்து பயனில்லை. நகப்பூச்சு இருந்தால் முதல் நாளே அகற்றி விடுங்கள். ஒட்டு இமை, புருவம் எடுத்தல் ஆகியவற்றில் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை ஒரு ஆலிமிடம் முன்பே கேட்டு வீட்டில் முடிவெடுத்து விட வேண்டும். காலை 7 மணிக்கு நூலைக் கையில் வைத்துக் கொண்டு "கொஞ்சம் எடுத்து விடவா?" என்று கேட்கும்போது எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வராது.

நிக்காஹ் அஸருக்குப் பிறகு என்றால் கணக்கு இன்னும் இலகு. ளுஹரை நேரத்துக்குத் தொழுது, வுழூவுடன் 12.45க்கு மேக்கப்புக்கு உட்கார்ந்தால், 3.30 அளவில் அஸருக்கு நேரமாகும்போது அதே வுழூவுடன் தொழுது விடலாம்.

இனி, அன்றைய காலைக்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டியவை. முதலில் மருதோன்றி. அதை நிக்காஹுக்கு முந்திய இரவு வைப்பது எங்கிருந்து வந்த வழக்கமோ தெரியவில்லை. மருதோன்றியின் இயல்புக்கே அது பொருந்தாது. மருதோன்றி இலையில் லோஸோன் என்ற நிறப்பொருள் இருக்கிறது. அது தோலின் மேற்படையிலுள்ள கெரட்டின் புரதத்துடன் மெதுவாகப் பிணைகிறது. பசையை எடுத்த உடனே நிறம் இளஞ்செம்மஞ்சளாகத்தான் இருக்கும். அது கருஞ்சிவப்பாக முதிர ஒன்று முதல் இரண்டு நாள் வேண்டும். ஆகவே நிக்காஹுக்கு இரண்டு இரவு முன்னதாக, இஷாத் தொழுது விட்டு வையுங்கள். சுபஹுக்கு எழும்பும்போது எட்டு ஒன்பது மணித்தியாலம் ஆகியிருக்கும். காய்ந்த பசையைச் சுரண்டி எடுத்து விட்டு வுழூச் செய்யலாம். பசைதான் தண்ணீரைத் தடுக்கும், நிறம் தடுக்காது. மருதோன்றி இரவு இரண்டு நாள் முன்னால் போனால் இன்னொரு நன்மையும் உண்டு: சிறு பிள்ளைகளின் பாட்டும் சத்தமும் நள்ளிரவு வரை போனாலும் நிக்காஹுக்கு முந்திய இரவு வீடு அமைதியாக இருக்கும், மணப்பெண் நேரத்துக்குத் தூங்குவாள்.

கடையில் "பத்து நிமிடத்தில் சிவக்கும்", "கறுப்பு மருதோன்றி" என்று விற்கும் கோன்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இலையால் மட்டும் செய்த மருதோன்றி பத்து நிமிடத்தில் சிவக்காது, ஒருபோதும் கரிய நிறம் தராது. அப்படித் தருவதற்கு இரசாயனம் சேர்த்திருப்பார்கள். கறுப்புக்குப் பொதுவாகச் சேர்ப்பது பரா-பினைலின்டயமின் என்ற, தலைமுடிச் சாயத்துக்கான பொருள். தோலில் நேரடியாகப் பூசினால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும். அந்த ஒவ்வாமை ஒரு முறை வந்தால் வாழ்நாள் முழுக்க நிற்கும். பின்னாளில் தலைக்குச் சாயம் பூசினாலும் முகம் வீங்கக்கூடும். எந்தக் கோனாக இருந்தாலும் ஒரு வாரம் முன்பே முழங்கைக்கு உட்பக்கம் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்து விடுங்கள்.

இரண்டாவது, வெள்ளையாக்கும் கிரீம். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வந்து விடுகிறது. கலியாணம் நிச்சயமான மறுவாரமே யாராவது ஒருவர் பெயர் ஒட்டாத சிறிய டப்பாவில் ஒரு கிரீமைக் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கிறது, எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். அவ்வளவு வேகமாக வெளுக்க வைப்பவை பெரும்பாலும் பாதரசமும் வலுவான ஸ்டிரொய்ட் மருந்துகளும்தான். பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கலியாணம் முடிந்து சில மாதங்களில் கருத்தரிக்கப் போகும் பெண் அவள். வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சியையும் அது பாதிக்கக் கூடியது. 2013 இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களுக்கு முடிவு கட்டச் சொல்வது இதனால்தான். ஸ்டிரொய்ட் தோலை மெல்லியதாக்கும். நிறுத்திய பிறகு முகம் சிவந்து பருக்கள் கிளம்பும், அதுவும் பெரும்பாலும் கலியாணத்தை ஒட்டிய வாரங்களில்.

கிரீமுக்குப் பின்னால் இருப்பது பெண் மாநிறமாக இருந்தால் குறை என்ற எண்ணம். அது கிரீமுடன் முடிவதில்லை. கலியாணக் காலையில் பியூட்டிஷியன் பிள்ளையிடம் கேட்பதில்லை, உம்மாவிடம் கேட்கிறார்: "இரண்டு நிறம் கூட்டி எடுக்கட்டுமா?" உம்மா தலையாட்டுகிறார். படத்தில் பாருங்கள், முகம் ஒரு நிறம், மருதோன்றி வைத்த கை வேறு நிறம். பிளாஷ் வெளிச்சத்தில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். சில பௌடர்களிலும் சன்ஸ்கிரீன்களிலும் உள்ள டைட்டேனியம் டையொக்சைட், ஸிங்க் ஒக்சைட் போன்றவை பிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் முகம் மா பூசியது போல விழும். மேக்கப் ஒத்திகையின்போது தாடை ஓரத்தில் தடவி, வெளியே பகல் வெளிச்சத்தில் கழுத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பூசிய இடம் கண்ணுக்குத் தெரியாமல் போனால் அதுதான் சரியான நிறம். பிள்ளை தனது நிறத்திலேயே இருக்கட்டும் என்று உம்மா அந்த இடத்தில் சொன்னால், அந்த ஒரு சொல் அந்தக் காலையில் எந்தப் பௌடரை விடவும் வேலை செய்யும்.

முகத்துக்குப் புதிதாக எதையும் செய்வதென்றால் குறைந்தது ஒரு வாரம் முன்பே செய்து முடியுங்கள். மாதவிடாயைத் தள்ளிப் போடும் மாத்திரை எடுக்க நினைப்பவர்கள் வைத்தியரிடம் இரண்டு மூன்று வாரம் முன்பே போக வேண்டும். அது சில நாட்கள் முன்னதாகத் தொடங்க வேண்டிய மருந்து. இரத்தம் உறையும் பிரச்சினை போன்றவை உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. ராத்தா பாவித்த மிச்சத்தைத் தங்கைக்குக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். மணப்பெண் மயங்கி விழுந்தால் கண்ணூறு என்கிறோம். கண்ணேறு உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காமை, இடுப்பில் இறுக்கிய சாரி, பல கிலோ கல் வேலைப்பாடு, காற்றோட்டமில்லாத அறை, ஒரு மணித்தியாலமாக அசையாமல் நிற்கும் கால் எல்லாம் சேர்ந்தால் யாராக இருந்தாலும் மயக்கம் வரும். நிற்கும்போது இரத்தம் காலில் தேங்கி மூளைக்குப் போவது குறைகிறது, அவ்வளவுதான். 6 மணிக்கு அவள் வழக்கமாகச் சாப்பிடும் எதையாவது, இடியப்பமோ பிட்டோ பாணோ, ஒரு முட்டையுடன் கொடுங்கள். அன்றைக்கென்று புதிதாக எதையும் கொடுக்க வேண்டாம். மேக்கப் போட்ட பிறகு தண்ணீரை ஸ்ட்ரோவால் குடிக்கலாம். "தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டி வரும்" என்று சொல்லித் தடுக்கும் மாமிமார் எல்லா வீட்டிலும் உண்டு. அதற்காகத்தான் சொல்கிறேன், ஒரு வாரம் முன்பே அந்த உடுப்பை முழுதாக உடுத்தி அரை மணித்தியாலம் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். உட்கார முடிகிறதா, படியில் ஏற முடிகிறதா, ஒருவர் துணையுடன் பாத்ரூம் போய் வர முடிகிறதா? புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்த்தாளா? ஹிஜாபுக்கு எத்தனை ஊசி, எது காதைக் குத்துகிறது? இவை எல்லாம் ஒத்திகையில் தெரிந்து விட்டால் அன்று காலை யாரும் திகைக்க வேண்டியதில்லை.

வெளிச்சம் பற்றிப் படப்பிடிப்பாளர்களுக்குத் தெரியும். வீட்டாருக்குத் தெரிவதில்லை. எமது கிழக்குப் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறும் வழக்கம் இருப்பதால், பெரும்பாலும் புதிதாகக் கட்டிய வீட்டில்தான் கலியாணக் காலை விடிகிறது. பெயின்ட் மணம் போயிருக்காது. சுவர் கடும் பச்சை அல்லது ஊதா. அந்த நிறம் பட்டுத் தெறித்து முகத்தில் விழும். வெளியே போட்டிருக்கும் கூடாரத் துணி சிவப்பென்றால் கீழே நிற்பவர்கள் அத்தனை பேரும் படத்தில் சிவந்திருப்பார்கள். யன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலர் பல்பும் கலந்தால் கமராவால் மூன்றையும் ஒரே நேரத்தில் சரி செய்ய முடியாது. ஆகவே மணப்பெண்ணின் அறைக்கு வெள்ளை அல்லது சந்தன நிறம் அடியுங்கள். கூடாரம் வெள்ளைத் துணியாக இருக்கட்டும். படம் எடுக்கும்போது எல்லா விளக்கையும் அணைத்து விட்டு, பெரிய யன்னலைப் பார்த்தபடி பிள்ளையை உட்கார வையுங்கள். வெயில் நேரடியாக விழுந்தால் ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போதும். முற்றத்தில் எடுப்பதென்றால் 9 மணிக்குள் எடுத்து விட வேண்டும். எமது நாட்டில் நண்பகல் வெயில் உச்சந்தலையில் விழுவதால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். கொழும்பிலும் கண்டியிலும் மண்டபத்தில் கலியாணம் செய்பவர்களும் வீட்டு யன்னலோரத்தில் பத்துப் படம் எடுத்து விட்டுப் போவது நல்லது. மண்டபத்தின் கலர் விளக்கில் எடுத்தவற்றை விட அவைதான் பிற்காலத்தில் சட்டம் போட்டு மாட்டப்படும்.

யார் யாருடன் படம் என்று ஒரு சிறு பட்டியல் எழுதிக் கொடுங்கள். முதலாவதாக உம்மம்மா அல்லது வாப்பும்மா இருக்கட்டும். வயதானவர்கள் காத்திருந்து களைத்து விடுவார்கள். அடுத்தது உம்மா. கலியாண அல்பங்களைப் புரட்டிப் பார்த்தால் உம்மா பாதிப் படங்களில் இல்லை, இருக்கும் படத்தில் வீட்டு உடுப்புடன் நிற்பார். அவர் சமையல்காரருடன் சஹன் கணக்கில் இருந்திருப்பார். மணப்பெண்ணுக்கு மேக்கப் தொடங்கும்போதே உம்மாவும் குளித்து உடுத்தி விட வேண்டும். சாப்பாட்டுக் கணக்கை ஒரு காக்காவிடமோ சாச்சாவிடமோ அன்றைக்கு முழுதாக ஒப்படைத்து விடுங்கள். மணப்பெண்ணின் போனை ஒரு ராத்தா வாங்கி வைத்துக் கொள்ளட்டும். அறைக்குள் நான்கைந்து பேர் போதும். பார்க்க வருபவர்களை வாசலில் சிரித்தபடி நிறுத்தத் தெரிந்த ஒரு சாச்சி எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரை அங்கே நிறுத்துங்கள்.

படங்கள் எங்கே போகின்றன என்பதும் வீட்டார் முன்பே பேச வேண்டிய விடயம். பெண் படப்பிடிப்பாளர் வேண்டும் என்று தேடிப் பிடிக்கிறோம், நல்லது. ஆனால் அவர் எடுத்த படத்தை அல்பமாக்குபவர் வேறு ஒருவராக இருக்கலாம், அவர் ஆணாகவும் இருக்கலாம். யார் வடிவமைக்கிறார், அவரிடம் பிரதி நிற்குமா, ஸ்டுடியோவின் பேஸ்புக் பக்கத்தில் விளம்பரமாகப் போடுவார்களா என்று கேட்டு, முற்பணம் கொடுக்கும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். படங்களைக் கையளித்த பின் எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். விருந்தினரின் போன்தான் பெரிய பிரச்சினை. மணப்பெண் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அவளுடைய படம் யாரோ ஒருவரின் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும். அழைப்பிதழிலேயே ஒரு வரி போட்டு, வாசலில் நிற்கும் சாச்சியும் சொன்னால் பெரும்பாலானோர் கேட்பார்கள். மாப்பிள்ளையிடமும் முன்பே பேசி விடுங்கள். அவருடைய நண்பர்கள்தான் முதலில் போடுவார்கள்.

இவ்வளவையும் ஒழுங்கு செய்யச் சொல்வதற்குப் படம் மட்டும் காரணமல்ல. அந்தக் காலையில் ஒரு பத்து நிமிடம் இருக்கிறது. நிக்காஹுக்கு முன் வாப்பா, அல்லது வலீயாக இருப்பவர், மகளிடம் வந்து சம்மதம் கேட்கும் நேரம். கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும், அவளுடைய மௌனமே சம்மதம் என்ற ஹதீஸை எல்லோரும் அறிவோம். அதன் இரண்டாவது பாதியைத்தான் நாம் நன்றாக மனனம் செய்து வைத்திருக்கிறோம். முதற்பாதி, கேட்க வேண்டும் என்பது. நான் கண்ட பல வீடுகளில் வாப்பா வாசற்படியில் நின்று, உள்ளே இருக்கும் பெண்கள் கூட்டத்துக்கு மேலால், "மகள், சரிதானே?" என்கிறார். பிள்ளையின் கண்ணிமையில் பசை காய்ந்து கொண்டிருக்கிறது. யாரோ ஒருவர் "ஓம் ஓம், சரி" என்று அவளுக்காகப் பதில் சொல்கிறார். வாப்பா போய் விடுகிறார்.

எமது நாட்டின் 1951 ஆம் ஆண்டு 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி எழுதப்படும் பதிவில் மாப்பிள்ளையும் வலீயும் கையொப்பமிடுகிறார்கள். மணப்பெண்ணின் கையொப்பத்துக்கு அந்தச் சட்டத்தில் இடம் வைக்கப்பட்டிருக்கவில்லை. அது வேண்டும் என்பது பல வருடமாக நடக்கும் விவாதம். 2009 இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2018 இல் அறிக்கையைக் கையளித்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அதற்குள் நான் இங்கே போகவில்லை. கடுதாசியில் என்ன இருந்தாலும், அந்த அறையில் கேட்கப்படும் கேள்விதான் அவளுடைய வாய்ச்சொல்லுக்கு உள்ள இடம் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த இடத்தையும் மேக்கப் பிரஷ்ஷுக்குக் கொடுத்து விடுகிறோம்.

வாப்பா உள்ளே வரட்டும். உம்மாவைத் தவிர மற்ற எல்லோரும் வெளியே போகட்டும். வாப்பா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு மகளுக்கு முன்னால் உட்காரட்டும். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, மஹர் எவ்வளவு, அது பணமா நகையா, இன்று கையில் தருகிறார்களா பின்னர் தருவதா என்பதைச் சொல்லி, "இன்னாருக்கு இந்த மஹருடன் உங்களை நிக்காஹ் செய்து வைக்க எனக்கு அனுமதி தருகிறீர்களா மகள்?" என்று கேட்கட்டும். மஹர் எவ்வளவென்று பிறகு காவின் கடுதாசியைப் பார்த்துத் தெரிந்து கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். அவள் அழுதால் அழட்டும்; மேக்கப்பைப் பிறகு சரி செய்யலாம், நேரம் இருக்கிறது. அவள் வாயைத் திறந்து பதில் சொல்லும் வரை வாப்பா எழும்ப வேண்டியதில்லை. ஏதாவது சொல்ல நினைத்தால் சொல்லவும், துஆச் செய்யவும் அந்தப் பத்து நிமிடம் போதும்.

படப்பிடிப்பாளருக்குக் கொடுக்கும் நேர அட்டவணையில் இதையும் எழுதி விடுங்கள்: 9.45 முதல் 9.55 வரை, வாப்பாவும் மகளும், கமரா இல்லை.